படுக்க வைக்காத சிலிண்டர்

அத்தா கிண்ணத்தில் சோப்புத்தூளைக் கரைத்தார். நான் அதை பிரஷ்ஷால் தொட்டு, ரெகுலேட்டரிலும் ரப்பர் குழாயின் இரு முனைகளிலும் தடவினேன். குமிழ் வரவில்லை; கேஸ் கசிவு இல்லை.

"சரி கண்ணு, கையக் கழுவு. பிரியாணியில சோப்பு வாசம் வந்தா நம்ம பேரு போயிரும்."

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அந்த வாரமே, விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி எழவில்லை.

அத்தா என்றால் என் அப்பா. பெயர் யாகூப். கோட்டைமேட்டில் கல்யாணச் சமையல்காரர். விறகில் தொடங்கி, புகை தாங்காமல் கேஸுக்கு மாறியவர். அதோடு எல்லாச் சமையல்காரர்களுக்கும் உள்ள ஒரு தவறான பழக்கமும் வந்து சேர்ந்தது. பெரிய அடுப்பு வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து பனி பூக்கும். உள்ளே கேஸ் இருந்தும் தீ குறையும். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். உடனே சிலிண்டரைப் படுக்க வைப்பார்கள். வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் வரும்.

சோமனூரில் ஒரு நிக்காஹ்வில் அத்தாவும் அவருடைய கூட்டாளி முஜீப் மாமாவும் அதைத்தான் செய்தார்கள். தீ ஆளுயரம் சீறியது. அத்தா வால்வை மூடிவிட்டார். மாமாவின் புருவங்கள் மட்டும் போயின.

"மை வாங்கித் தாரேன் மாப்ளே, வரைஞ்சுக்க" என்று கேலி செய்தார் அத்தா. அதன்பின் எந்தச் சிலிண்டரையும் படுக்க வைக்க விடவில்லை. பந்தலுக்கு வெளியே, நிழலில், சாக்கடையை விட்டுத் தள்ளி நிற்க வைத்தார். "கேஸ் தண்ணி மாதிரி, பள்ளத்தத்தான் தேடும்" என்பார். தீ குறைந்தால் அடுப்பை அணைத்து வேறு சிலிண்டர் மாட்டினார். பந்தி தாமதமானது. பெண்வீட்டார் திட்டினார்கள்.

"நீங்க வராத அன்னிக்குப் படுக்கத்தான் போடுவேன் மச்சான்" என்றார் மாமா.

அத்தா என்னிடம் வழி கேட்டார். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியரிங் படித்தவள். இரண்டு சிலிண்டர்களை இணைத்தால் ஒவ்வொன்றிலும் இழுப்பு பாதியாகும், பனி பூக்காது என்றேன். வரைந்தும் கொடுத்தேன். கேஸ் ஏஜென்சியில் காட்டி, அவர்கள் சொன்ன பெரியநாயக்கன்பாளையம் பட்டறையில் இணைப்புக் குழாய் செய்யக் கொடுத்திருந்தார்.

வரும் ஞாயிறு பெருந்துறையில் வலீமா, கல்யாண விருந்து. மாமாவின் முதல் தனிச் சமையல். நேற்று வீட்டுக்கு வந்தார்.

"படுக்க வைப்பீங்களா மாமா?"

அவர் புருவத்தைத் தடவினார். "லேட்டானா திட்டு வாங்க மச்சான் இல்லியே, அம்மணி. அந்தப் பைப் இருந்தா நான் எதுக்கு வெக்கிறேன்."

இன்று காலை அத்தாவின் செல்போன் அடித்தது.

"ஏனுங்க பாய், பைப் ரெடிங்க. வந்து எடுத்துக்கறேன்னீங்க, ஆளையே காணோம்."

"அவர் மகள் பேசுறேனுங்க. அத்தா தவறிட்டாங்க."

மறுமுனையில் பட்டறைக்காரர் மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"பிரஷர் டெஸ்ட் பண்ணியாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"ஆச்சுங்க. ஆனா, தானே சோப்புத் தண்ணி தடவிப் பார்த்துத்தான் வாங்குவேன்னு பாய் சொல்லிப்போட்டுப் போனாருங்க."

"வாரேனுங்க" என்றேன்.

நான் கூப்பிட்டதும் வந்த மாமா வாசலில் வண்டியைக் கிளப்பினார். நான் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டேன்.