கூப்பிடாமல் ஏறியவன்

போன வருடம், சித்திரைப் புத்தாண்டு கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் ஐந்து மணியிருக்கும். நெல்லியடிக்கு அப்பால் ஒரு கிராமத்தில், என் மனைவி பிறந்து வளர்ந்த வீட்டு வளவில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். என் கையில் ரிமோட், தலைக்கு மேலே ட்ரோன். அன்று நடந்ததை இதுவரை இரண்டு மூன்று பேருக்குத்தான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன். வேறொன்றுமில்லை, வெட்கம்தான்.

என் தொழிலைச் சொன்னால் அந்த வெட்கம் உங்களுக்கும் விளங்கும். கோப்பாயில் வாகனம் ஓட்டப் பழக்குகிறேன். இருபத்தைந்து வருடமாக, பழகுகிறவருக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்துகொண்டு, "கியரைப் பாராதேங்கோ, றோட்டைப் பாருங்கோ" என்று ஒரு நாளைக்கு நூறு தரமாவது கத்துகிறவன் நான். காரைப் பின்னுக்கு எடுக்கும்போது கழுத்தைத் திருப்பிப் பார்க்காதவர்களை அந்த இடத்திலேயே நிறுத்தி இறக்கியும் இருக்கிறேன். என்னிடம் பழகியவர்கள் சந்தையில் கண்டால் என் குரலிலேயே கத்திக் காட்டிப் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ட்ரோன் மச்சானின் அன்பளிப்பு. என் மனைவியின் அண்ணன் அவர், கனடாவில் இருக்கிறார். பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்து தந்துவிட்டு, வளவையும், பனைகளுக்கு அங்கால் உள்ள தோட்டவெளியையும் மேலேயிருந்து எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்.

சட்டதிட்டம் என்றால் நான் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்காத ஆள். பதிவு செய்தேன், அனுமதி எடுத்தேன், விதிகளை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருந்தது. ட்ரோன் எப்போதும் பறக்கவிடுகிறவரின் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். ரிமோட்டின் திரையில் தெரிவது கணக்கில் வராது. படம் எடுப்பதற்காகத் திரையைப் பார்க்க வேண்டி வந்தால், பக்கத்தில் இன்னொருவர் நின்று வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் வாயிலிருந்தே வந்த விதி மாதிரி இருந்தது. மனைவியை அந்த வேலைக்கு நியமித்து, "நீர் திரையைப் பார்க்கவே கூடாது, மேலதான் பார்க்கவேணும்" என்று வகுப்பும் எடுத்தேன்.

வளவைச் சுற்றி எடுத்து முடியும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ட்ரோனைப் பனைகளுக்கு மேலால் தோட்டவெளிக்கு அனுப்பினேன். அங்கே அதைத் தாழ இறக்கியதும், பனைகளின் ஓலை விரிந்த வட்டுகளுக்குப் பின்னால் அது மறைந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, எனக்கு இப்ப அது தெரியேல்லை" என்றாள் மனைவி.

"எனக்கு இதில வடிவாய்த் தெரியுது. பயப்படாதையும்."

"கண்ணுக்குத் தெரியவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஒரு நிமிசம்தானே. இஞ்சை வந்து பாரும், வெங்காயத் தோட்டம் எப்பிடியிருக்குது எண்டு."

வந்து பார்த்தாள். மாலை வெயிலில் பச்சைப் பாத்திகளும் இடையில் ஓடும் வாய்க்காலும் அவ்வளவு அழகு. அவள் பிறந்த ஊரை அவளே அப்படிப் பார்த்ததில்லை. வானத்தைப் பார்ப்பதற்கென்று நிறுத்திய ஒரே ஆளையும் நானே கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. "கூ...ஊ" என்று நீளமாக, ஒரு ஆண் குரல், பனைகளின் பக்கத்திலிருந்து.

"ஆரோ சீவ ஏறீனம்" என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. பனை ஏறிக் கள்ளு இறக்குகிறவர்கள் மரத்தில் கால் வைக்கும் முன் அப்படி ஒரு குரல் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். கேட்டுப் பழகியவளுக்கு அது காகம் கரைகிற மாதிரி ஒரு சாதாரணச் சத்தம். எனக்கு அதுகூட இல்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

இனிக் கடைசிக் காட்சி. கலியாண வீடியோக்களில் படம் பின்னோக்கிப் போகப்போக இடம் முழுவதும் விரிந்து தெரியுமே, அதுபோல ஒன்று எடுக்க எனக்கு ஆசை. கமரா தோட்டத்தைப் பார்க்க, ட்ரோனை மெல்ல உயர்த்தி, அப்படியே பின்பக்கமாக எங்களை நோக்கி எடுத்தேன். கழுத்தைத் திருப்பாமல் பின்னுக்கு எடுத்தால் காரிலிருந்து இறக்கிவிடுகிற அதே ஆள்தான்.

முதலில் "ஐயோ!" என்று ஒரு அலறல். அதற்குப் பிறகுதான் திரை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு பச்சை ஓலையில் போய் நின்றது. தொடர்ந்து ஏதோ விழுந்து உடைகிற சத்தம்.

படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கை வழியே ஓடினோம். மூன்றாவது பனையின் அடியில் கள்ளுச் சேரும் மண்முட்டி ஒன்று உடைந்து கிடந்தது. கள்ளு மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. பாளை சீவும் கத்தி மண்ணில் குத்தி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு மனிதர் இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். ஏறும்போது இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டும் தளைநார் ஒரு காலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றக் கால் பிடி தேடித் தேடி வழுக்கியது. அவர் தலைக்கு ஒரு முழம் மேலே, ஓலைக்குள் சிக்கியபடி, என் ட்ரோன் விட்டுவிட்டு இரைந்துகொண்டிருந்தது.

"அண்ணை, இது இன்னும் சுத்துது! நிப்பாட்டுங்கோ!"

என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. அது ஓலையிலிருந்து நழுவி அவர் முகத்தில் விழுந்தால் கை விட்டுவிடும். நிலத்துக்கு ஐம்பது அடி இருக்கும். திரையைப் பார்த்தேன், ஓலைதான் தெரிந்தது. ட்ரோனைப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பக் கூப்பிடும் பொத்தானில் விரல் போனது. அதை அழுத்தினால் இன்னும் வேகமாகச் சுழலும் என்பது நல்லகாலம் நினைவுக்கு வந்தது. ரிமோட்டின் இரண்டு பிடிகளையும் ஒன்றாக உள்ளுக்கு இழுத்துப் பிடித்தால் நிற்கும் என்று வாசித்திருந்தேன். ஆனால் விரல்கள் வழுக்கின. மனைவி என் தோளைப் பிடித்தாள்.

"நீங்கள் கையைப் பாருங்கோ. மேல நான் பார்த்துச் சொல்லுறன். சுத்துது... இன்னும் சுத்துது... விடாதேங்கோ... நிண்டிட்டுது. நிண்டிட்டுதப்பா!"

அவளுக்கு நான் கொடுத்த வேலையை அவள் அன்று செய்தது அந்த நேரத்தில்தான். அதற்கு முன் செய்ய விடாதவன் நான்.

அந்த மனிதர் உடனே இறங்கவில்லை. கன்னத்தை மரத்தில் வைத்தபடி அப்படியே இருந்தார். பிறகு ஒரு கையால் தளைநாரை எட்டிப் பிடித்து, காலில் மாட்டி, ஒரு அடி ஒரு அடியாக இறங்கினார். அவர் பாதம் நிலத்தில் பட்டபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

முப்பத்தைந்து வயது இருக்கும். நெஞ்சிலும் கையிலும் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. குந்தியிருந்து தண்ணீர் கேட்டார். மனைவி ஓடிப்போய்ச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். முழுவதையும் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏசுவார், அடித்தாலும் வாங்கத்தான் வேண்டும் என்று நின்றேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"ஏறமுன்னம் கூப்பிட்டனான். கேக்கேல்லையோ அண்ணை?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் மனைவி நின்றாள், அதனால்தான் உண்மை வந்ததோ என்னவோ.

"கேட்டது தம்பி. கேட்டும் நான் கவனிக்கேல்லை."

அவர் தலையாட்டினார். உடைந்த முட்டியின் ஓடுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னார்.

"மேல போனா எல்லாற்றை வளவும் தெரியும் அண்ணை. கிணத்தடியில பொம்பிளையள் குளிச்சுக்கொண்டு நிப்பினம். அதுதான் குரல் குடுத்து, கொஞ்சம் நிண்டு, பிறகு ஏறுறது. எங்கடை அப்பு காலத்திலையிருந்து அப்பிடித்தான். நீங்கள் கூப்பிடாமலெல்லோ ஏறிட்டியள்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுட்டது. மேலே ஏறிப் பார்க்கிறவன் கீழே இருப்பவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று எனக்கு எந்த விதியும் சொல்லித் தரவில்லை என்று நான் சாட்டுச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் பறக்கவிடு என்ற விதியும் கீழே இருக்கிற, மேலே இருக்கிற மனிதர்களுக்காகத்தானே. அதை நான் எழுத்தாக மட்டும் வாசித்திருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மருந்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். "உது உரசல்தானே" என்று சிரித்துவிட்டு, கத்தியைப் பிடுங்கி இடுப்பில் செருகினார். மற்றப் பாளைகள் சீவாமல் கிடந்தால் பழுதாகிவிடுமாம். அவர் மறுபடியும் தளைநாரை இறுக்கினார். அதே மரத்தில் கை வைத்தவர், ஒரு நொடி நின்று, மறுபடியும் "கூ...ஊ" என்று குரல் கொடுத்தார். சுற்றிலும் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. இருந்தும் கொடுத்தார். இறங்கி வந்தபோது இடுப்பில் கள்ளு முட்டியோடு என் ட்ரோனும் தொங்கியது. அடுத்த நாள் புது முட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பெரிய மனதோடு வாங்கிக்கொண்டார்.

ட்ரோனைத் திருத்தி இப்போதும் பறக்கவிடுகிறேன், வெட்டவெளியான இடங்களில் மட்டும். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நின்றுதான் ஏற்றுகிறேன். மனைவி திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். "தெரியேல்லை" என்று அவள் சொன்னால், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும், மறுபேச்சில்லாமல் ட்ரோனைத் திருப்பிவிடுவேன்.

அன்றைய பதிவை மச்சானுக்கு அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை. எல்லாம் தெரிகிறது என்று எனக்குள் ஒரு திமிர் தலைதூக்கும் நாட்களில் அதைப் போட்டுப் பார்க்கிறேன்: பாத்திகள் தெரிகின்றன, வாய்க்கால் தெரிகிறது, வெயில் தெரிகிறது, என்னால் உயிர் போயிருக்க வேண்டிய அந்த மனிதர் மட்டும் அதில் ஒரு நொடிகூட இல்லை.