பிப்ரவரி காருக்கு ஏப்ரல் எஞ்சின்

அருணாதேவி வேங்கிக்காலில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்ப்பது அமெரிக்க வேலை. அங்கே ஏலத்துக்கு வரும் பழைய கார்வெட் கார்களின் படங்களைப் பெரிதாக்கி, சொந்தக்காரர் சொல்லும் எஞ்சின்தானா உள்ளே இருக்கிறது என்று சரிபார்க்க வேண்டும். அந்தக் காரை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் 1967-இல் அதில் கிடைத்த எஞ்சின்களைக் கேட்டால் தயங்காமல் சொல்வாள். சாதாரணமாக வந்தது முந்நூறு குதிரைத்திறன், அதற்கு மேல் கேட்டால் முந்நூற்றைம்பது. வேகப் பிரியர்களுக்கு நானூற்று முப்பத்தைந்து.

போன மார்கழியில் 1967-இல் செய்த ஒரு சிவப்புக் கார் வந்தது. நானூற்று முப்பத்தைந்து என்று எழுதியிருந்தார்கள். எஞ்சினில் குத்தியிருந்த குறியீட்டு எழுத்தும் அதையே சொன்னது. ஆனால் எஞ்சினை வார்த்தபோதே இரும்பில் பதிந்த தேதி ஏப்ரல். கார் செய்த மாதத்தைக் காட்டும் தகட்டிலோ பிப்ரவரி.

சென்னையிலிருந்து மேலாளர் கோபி கூப்பிட்டான்.

"அக்கா, எழுத்து கரெக்டாதான இருக்குது. ஓகே போடுங்க."

"எழுத்த அப்புறமா யாராவது குத்தியிருப்பாங்க கோபி. பிப்ரவரில செஞ்ச வண்டில ஏப்ரல்ல வார்த்த எஞ்சின் எப்படி வரும்?"

"பழைய கஸ்டமரு. கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கட்டும். நான் ஓகே போடமாட்டேன்."

இரண்டு நாள் புதுக் கார் எதுவும் அவளுக்கு வரவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கார்க்காரரே எழுதினார். ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருடமாக அவரிடம் இருக்கும் கார். 'அப்படியானால் முதலில் எந்த எஞ்சின் இருந்தது?' என்று மட்டும் கேட்டிருந்தார்.

கார் செய்த கம்பெனியில் எந்த எஞ்சின் என்று அச்சிட்ட ஒரு தாளைப் பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டுவார்கள், இருக்கிறதா பாருங்கள் என்று பதில் போட்டாள். அவர் டேங்கை இறக்கிப் படம் அனுப்பினார். பாதி அரித்துப்போன தாள். ஒரு காலைப்பொழுது முழுக்க அதோடு மல்லுக்கட்டிக் கடைசியில் அந்த வரியைப் படித்துவிட்டாள். முந்நூற்றைம்பது. அதை எப்படிச் சொல்வது என்று இரண்டு தடவை எழுதி அழித்தாள். பிறகு உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

பார்ப்பவர்களிடமெல்லாம் தப்பான எண்ணைச் சொல்லிவிட்டேனே என்று அவர் வருத்தப்பட்டார். இருந்தாலும் அவள் எழுதியதையே போட்டுக் காரை விற்றார். அதன்பிறகு 1967 கார்கள் எல்லாவற்றையும் கோபி அவளுக்கே அனுப்பினான்.

வாங்கியவரிடம் கிளம்பும் முன் கார் உறுமியதைத் தபால்காரர் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். ஆட்டோ ஓட்டும் கணவன் குமரேசனிடம் காட்டினாள். அவன் அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டான்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குது. எத்தன பேரு ஒக்காரலாம்?"

"ரெண்டே பேருங்க."

"இவ்ளோ எஞ்சின வெச்சிக்கினு ரெண்டு பேரா?" என்றபடி அவன் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களை ஏற்றும் சவாரிக்குக் கிளம்பினான்.