நொஃபெசிலே சொல்லாத பெயர்

"எங்க எறங்கணும்மா?" என்று வேன்காரன் கேட்கும்போதெல்லாம் நொஃபெசிலே தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொள்வாள். "ஆற்றுப்பாலம்" என்றால் தீர்ந்தது. சொல்லமாட்டாள். மாமனார் பெயர் ம்லாம்போ. எங்கள் மொழியில் ஆறு என்று பொருள். மருமகள் வாயில் அந்தச் சொல் வரக்கூடாது.

"கால் நனையுற எடம்ப்பா."

"வாளியிலகூடத்தான் கால் நனையும்! சும்மா சொல்லும்மா, மாமனார் என்ன சீட்டுக்கு அடியிலயா ஒளிஞ்சிருக்காரு?"

வேனே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சந்தையில் ரொட்டி விற்கும்போது அவள் வாய்க்கு யாராலும் ஈடுகொடுக்க முடியாது. இந்த ஒரு சொல்லில் மட்டும் அது பூட்டிக்கொள்ளும்.

வீட்டில் அவள் ஆற்றைக் குறிக்கும் சொல் வேறு; வெளியாருக்கு அது புரியாது. நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கினால்தான் வரும். அதோடு 'அப்பா' சேர்த்துத்தான் மாமனாரைக் கூப்பிடுவாள். எங்கள் முன்னோர் மாடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கிலிருந்து வந்தபோது இங்கே வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்களுக்கு மருமகள்களானார்கள். மாமனார் பெயரைச் சொல்லாதே என்றதும் தாய்வீட்டுச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த வேட்டைக்காரர்கள் இன்று இங்கே இல்லை. அவர்களுடைய சொடுக்கு எங்கள் எல்லார் நாக்கிலும் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் கிழவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. மூடுபனி இறங்கிய ஒரு காலையில் கதவு திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். அவள் கணவன் எங்கோ தொலைவில் சுரங்க வேலையில். ஆறு கரைபுரண்டு ஓடியது. ஊர் ஆண்கள் கரையில் நின்று "ம்லாம்போ! ம்லாம்போ!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். பதில் இல்லை.

"நீ கூப்பிடுடி!" என்று பக்கத்து வீட்டு நோவினிலே அவளைப் பிடித்து உலுக்கினாள். "இன்னிக்கு ஒரு நாள் பேரச் சொன்னா வானமா இடிஞ்சு விழப்போகுது?"

சொல்லிவிடத்தான் நினைத்தாள். பிள்ளையில்லாத வருடங்களில் ஊர் வாயை அடைத்தவர் அவர் ஒருவர்தான். அவரை ஆறு கொண்டுபோகவிட்டு மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாயைத் திறந்தாள். பழகிய நாக்கு முந்திக்கொண்டது. சொடுக்கோடு அந்தச் சொல்தான் வந்தது.

"இங்கதாம்மா இருக்கேன்" என்றது நாணலுக்குள்ளிருந்து ஒரு குரல். "அந்தப் பசங்க வேற யாரையோ தேடுறானுங்க."

இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார் கிழவர். கரை வழுக்கியது. மாமனாரைக் கையால் தொடுவது வழக்கமில்லை. நொஃபெசிலே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, தோளில் கிடந்த போர்வையின் ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினாள்.