பெல்ஹம் மேலே நகராத மழை

நாளைக்கு மழை வருமா என்று லோரீன் ஷ்ராக்கிடம் கேட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "மேகத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதப் பாக்குற கண்ணுக்கு எண்ணெய் போடுறதுதான் என் வேலை" என்பாள். கான்சாஸின் மேற்கே, ஓஸ்மர் ஊருக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவில் கோபுர உச்சியில் வெள்ளைப் பந்துபோல் உட்கார்ந்திருக்கும் ரேடாரைப் பழுது பார்ப்பவள் அவள். இடி இடித்தால் முதலில் அதைப் பார்க்க ஓடுவாள். புருஷன் ஞாபகம் அப்புறம்தான் வரும். இதை ஊரெல்லாம் சொல்லி வைத்ததே புருஷன்தான்.

அந்த மே மாதம் ரேடார் தட்டைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம் பல் உடைந்து நின்றுபோனது. கிரேன் வந்து வெள்ளைக் கூட்டைத் தொப்பி மாதிரி கழற்றி வைத்தது. லோரீன் முழங்கை வரை கிரீஸோடு வீட்டுக்குப் போய், கதவுப் பிடியிலிருந்து நாய் முதுகு வரை கைரேகை பதித்தாள். கோதுமை அறுப்புக்கு நெருங்கிய வாரத்தில் புதுச் சக்கரத்தோடு தட்டு மறுபடி சுற்றியது.

சுற்றியது சரி. ஆனால் பக்கத்து ஊரான பெல்ஹம் மேலே ஒரு குட்டி மழை தெரிந்தது. வெளியே கழுவித் துடைத்த நீல வானம். திரையில் மட்டும் சிவப்புப் பொட்டு. மறுநாளும் அதே இடத்தில்.

"என்ன கொழுந்தியா, பெல்ஹம்காரங்களுக்கு மட்டும் தனியா மழை அனுப்புறியாமே?" என்றான் அவள் அக்கா புருஷன் டார்வின் யோடர், காபிக் கடையே கேட்கும்படி. "என் கோதுமை தலை சாஞ்சு நிக்குது. ஆலங்கட்டி வந்தா உன் மிஷின் சொல்லுமா, இல்ல என் மண்டையில விழுந்தப்புறம் நானே வந்து சொல்லணுமா?"

"உங்க மண்டைக்கு ஒண்ணும் ஆகாது மாமா. ஆலங்கட்டிதான் உடையும்."

கடை சிரித்தது. லோரீன் மட்டும் பாதிக் காபியோடு எழுந்துவிட்டாள். வானிலை அலுவலகத் தலைவர் கிளின்ட் பேயர் காலையிலேயே சங்கடத்தோடு சொல்லியிருந்தார்: தலைமையிடத்துப் பொறியாளர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள், எல்லாவற்றையும் மறுபடி பிரிக்கப்போகிறார்கள். அப்படி நடந்தால், அறுப்பு நடக்கும்போது இந்த வட்டாரத்துக்கே கண் இருக்காது. ஆலங்கட்டி சொல்லாமல் வந்து நிற்கும். பழி அவள் பெயரில் விழும்.

அவள் யோசித்தாள். அசையாமல் நிற்கும் கட்டடத்தை ரேடார் தானே தள்ளிவிடும். மழை என்றால் நகரும். இது நகரவும் இல்லை, சும்மா நிற்கவும் இல்லை; இருந்த இடத்திலேயே ஏதோ அசைகிறது. அதோடு, காற்றே இல்லாத ஒரு காலையில் பொட்டும் இல்லை. "காத்தடிச்சா மட்டும் வர்ற கோளாறு என் சக்கரத்துல இல்ல" என்று முணுமுணுத்தபடி பிக்அப் வண்டியை எடுத்தாள்.

பெல்ஹம் குன்றுக்குப் போகும் மண்பாதையில் சங்கிலி போட்ட கேட், 'முரட்டுக் காளை, ஜாக்கிரதை' என்று புத்தம்புதுப் பலகை. அந்தப் பக்கம் யாரும் காளை வளர்த்து அவள் பார்த்ததில்லை. சங்கிலியைத் தாண்டி ஏறினாள். உச்சியில், பழைய எண்ணெய்க் கிணற்றுக் கோபுரத்தின் தலையில், களஞ்சியக் கூரைத் தகடுகளால் செய்த காத்தாடி ஒன்று சர்ச் கூரை அகலத்துக்குச் சுழன்றுகொண்டிருந்தது. அடியில் வெல்டிங் முகமூடியோடு பெல்ஹம் மேயர் வனிடா ஸ்ட்ரோ.

"லோரீன்! நீ எதையும் பாக்கல!"

"நான் பாக்கலன்னாலும் ரேடார் பாத்துடுச்சே. என்ன கருமம் இது?"

"உலகத்துலயே பெரிய காத்தாடி" என்று கிசுகிசுத்தாள் வனிடா. "ஜூலை நாலாந்தேதி, சுதந்திர தினத்தன்னிக்குத் திறக்கிறோம். வாயத் தொறந்துடாத. உங்க ஊர்க்காரங்க காதுல விழுந்தா, அதுக்குள்ள உங்க பால் கேனுக்கு ஒரு மூடி செஞ்சு போட்டு இன்னும் உசரமாக்கிடுவாங்க."

ஓஸ்மர் எல்லையில் நிற்பது உலகத்திலேயே பெரிய பால் கேன். யாரும் அளந்து பார்த்ததில்லை. ஆனாலும் அதை நினைத்து பெல்ஹம் பல வருஷமாகப் பொருமிக்கொண்டிருந்தது.

"பிரேக் இருக்கா?" என்று கேட்டபடி லோரீன் போனில் கிளின்டைக் கூப்பிட்டாள். "திரையப் பாருங்க சார்."

வனிடா பிரேக்கை இழுத்ததும் காத்தாடி நின்றது.

"பொட்டு காணாம போச்சு!"

வனிடா பிரேக்கை விட்டாள். "இப்ப?"

"வந்துடுச்சு! அங்க என்னம்மா பண்ற?"

"மழைய நிறுத்தி நிறுத்தி விட்டுட்டிருக்கேன் சார்."

கிளின்ட் ஒஹாயோவிலிருந்து வந்தவர். பால் கேன் மானம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்து, திங்கட்கிழமைப் பயணத்தை ரத்து செய்ய வைத்தார். திறப்பு நாள் வரை காத்தாடியைக் கட்டிப்போடுவது, அப்புறம் மேகம் திரண்டால் லோரீன் சொன்னதும் பிரேக் போடுவது என்று பேச்சு முடிந்தது. வாய்க்குப் பூட்டாக, முட்டைக்கோசும் கறியும் அடைத்த பன்களை ஒரு கூடை கொடுத்தாள் வனிடா.

"சரி பண்ணிட்டியாமே. என்னதான் கோளாறு?" என்றான் டார்வின்.

"காத்து."

"காத்துன்னா?"

"காத்துதான் மாமா" என்று பன்னைக் கடித்தாள்.

அடுத்த வாரம் ஆலங்கட்டி வந்தது. ரேடார் முன்கூட்டியே சொன்னது. டார்வின் அறுத்த கோதுமையை லாரியோடு கொட்டகைக்குள் ஏற்றிவிட்டான். அன்றைக்கு அவன் அவளைக் கேலி செய்யவில்லை. அவனிடமிருந்து அவ்வளவு மரியாதை வருவதே அபூர்வம்.

ஜூலை நாலாந்தேதி பேண்டு வாத்தியத்தோடு காத்தாடி சுழன்றபோது, பார்க்க வந்த ஓஸ்மர்க்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். டார்வினின் பார்வை காத்தாடியிலிருந்து தூரத்து வெள்ளைப் பந்துக்குப் போய், மெதுவாக லோரீனிடம் வந்து நின்றது.

"அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டே இருந்தியா? சொந்த ஊருக்கே துரோகமா?"

"ரேடார் மேல கோளாறு சொன்னது யாரு மாமா?"

அவன் பதில் சொல்வதற்குள் மேற்கே மேகம் கறுத்தது. கிளின்டின் போன் வந்தது. லோரீன் கையைத் தூக்கிக் காட்ட, மேயர் பேச்சை நடுவில் விட்டுவிட்டு பிரேக்கை இழுத்தாள். உலகத்திலேயே பெரிய காத்தாடி முனகிக்கொண்டே நின்றது. பேண்டும் நின்றது.

டார்வின் முகத்தில் வெளிச்சம் வந்தது. பெல்ஹம் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான்: "எங்க பால் கேன் என்னைக்காச்சும் யாரையாச்சும் தொந்தரவு பண்ணிருக்கா?"