நான்கு விநாடித் தொடுகை

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை, என் புரதம் தன்னந்தனியாக வந்து நின்றது.

புரியவில்லையா? எனக்கும் புரியவில்லை. அதுதான் பிரச்சினை.

ஆய்வுகூடத்தில் ஒரு வருடமாக நான் துரத்திக்கொண்டிருக்கும் புரதம் அது. எழுத்தும் எண்ணும் கலந்து, கார் நம்பர் பிளேட் மாதிரி ஒரு பெயர். உடம்பில் அதற்கு என்ன வேலை என்று இன்னும் சரியாகத் தெரியாது. அப்படிப்பட்ட புரதத்தை அறிய ஒரு வழி உண்டு: அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்று பார்ப்பது. பாரிஸில் நம்மவர் கூடும் லா சப்பல் மரக்கறிக் கடைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்கள் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நிற்கும் அன்ரி கேட்பார் — "பிள்ளை எந்த இடம்? ஆரின்ரை மகள்?" இரண்டு பதிலில் உங்கள் முழுக் கதையும் அவர் கையில்.

நாங்களும் அதையேதான் செய்கிறோம். மிகச் சிறிய மணிகளில் ஒரு கொக்கியை மாட்டி, உயிரணுக்களை உடைத்த கரைசலுக்குள் விடுவோம். கொக்கி என் புரதத்தைப் பிடிக்கும். என் புரதத்தின் கையைப் பிடித்திருப்பவர்களும் கூடவே வருவார்கள். சும்மா ஒட்டிக்கொண்டு வந்த குப்பையை உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, மிச்சம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். படத்தில் ஒவ்வொரு புரதமும் ஒரு கோடாகத் தெரியும்.

நான் ஆறு தடவை கழுவினேன். சுத்தமோ சுத்தம். கூட்டாளி ஒருவரும் இல்லை.

"அழகாக இருக்கிறது. வெறுமையாகவும் இருக்கிறது" என்றாள் பக்கத்து மேசைக் கமீய்.

ஏன் இவ்வளவு பாடு என்கிறீர்களா? எந்தப் புரதமும் தனியே நின்று பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. நம் வீடுகளில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, தெரியாதவர் யார்? இன்சுலின் இரத்தத்தில் ஓடித் திரிந்தால் மட்டும் போதாது. உயிரணுவின் மேலிருக்கும் இன்னொரு புரதத்தை அது தொட வேண்டும். தொட்டால்தான் உள்ளே சேதி போகும். சீனிக்குக் கதவு திறக்கும். அந்தத் தொடுகை பிசகினால் வருத்தம். மருந்துகளில் பல செய்வதும் இதைத்தான் — வேண்டாத ஒரு தொடுகையைத் தடுக்கும், அல்லது வேண்டியதைத் தூண்டிவிடும்.

இதில் சங்கடம் என்னவென்றால், இந்தத் தொடுகைகளில் பல ஒரு கண் இமைப்புக்குக்கூட நீடிப்பதில்லை. தொடும்... சேதியைக் கொடுக்கும்... விட்டுவிடும்.

அந்த வெறுமையான முடிவோடு வெள்ளிக்கிழமை மதியம் லா சப்பலில் சாப்பாடு எடுக்கப் போனேன். நான் வழக்கமாகப் போகும் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்பவள் சுகந்தி. கிளிநொச்சிக்காரி. வந்து இரண்டு வருடம். அன்று கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா, உங்கடை அப்பாவோ அந்த வீடியோ மாமா?"

எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தப் பெயர்!

நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவுக்கு லா சப்பலில் ஒரு சின்ன வீடியோக் கடை. கல்யாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் — எதுவானாலும் அப்பாவின் கமரா வேண்டும். கசெட் ஊருக்குப் போகும். விசா இல்லாமல், பேப்பர் இல்லாமல், ஊர் போக வழியே இல்லாதவர்கள் எல்லாம் அந்தக் கசெட்டுக்குள் ஏறிப் போய்வந்தார்கள். அங்கே ஒரு வீட்டில் டெக் ஓட, அயலே கூடிவிடுமாம். "அங்கை பார் ரவியை! என்ன வயிறடா!"

ஒன்பது வயதில் என் வேலை பட்டியல் போடுவது. ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. கசெட் நம்பர், யார் வீட்டுக் கொண்டாட்டம், எந்த மண்டபம். கடைசியில் 'குறிப்பு' என்று நானாகச் சேர்த்த ஒரு நிரல். "31 — கேக் சரிந்தது. மாமி அழுதா." இப்படி.

அப்பாவின் அடையாளம் வேறு. மணமக்களின் முகம் ஓர் இதயத்துக்குள் மிதக்கும். மூலையிலிருந்து ஒரு ரோஜாப் பூ சுழன்று சுழன்று வரும். ரோஜாப் பூ சுழலாத காட்சி அப்பாவுக்குக் காட்சியே இல்லை.

சுகந்திக்கு அதெல்லாம் வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஒரு முகம்.

அவளுடைய அப்பா பெயர் தவராசா. நாலு வருடம் பாரிஸில் இருந்தவர். ஊர் திரும்பிச் சில மாதங்களில் காணாமல் போனார். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பிறகு வந்த இடப்பெயர்வில் படப்பெட்டியும் தொலைந்தது. ஒரு படம்கூட மிச்சமில்லை.

"மகள் கேக்கிறாள் அக்கா, அம்மப்பா எப்பிடி இருப்பார் எண்டு. எனக்கே முகம் கலைஞ்சு போச்சு. அந்த நேரத்துக் கலியாணம் ஏதாவதிலை நிண்டிருப்பார்தானே?"

ஞாயிறு காலை, பாரிஸ் புறநகர் ஓல்னேயில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா நிலவறையிலிருந்து கசெட் பெட்டிகளை ஏற்றி வைத்திருந்தார்.

"தவராசா... தவராசா... பிடிபடேல்லைப் பிள்ளை. அந்த நேரம் எத்தினை தவராசா!"

"கடிதத்திலை எல்லாம் தன்ரை கூட்டாளி பாலா, பாலா எண்டுதான் எழுதுவாராம் அங்கிள். அம்மா சொல்லுறவ."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பந்திப் பாலாவோ! அவனைத் தெரியாதவன் லா சப்பலிலை இருக்கேல்லை எண்டு அர்த்தம்."

யாருடைய கல்யாணமானாலும் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்பவர் பாலா. பிறகு கனடா போய், அங்கேயே காலமாகிவிட்டார். கேட்க வழியில்லை. ஆனால், எனக்குக் கொக்கி கிடைத்துவிட்டது. தவராசாவைத் தேட வேண்டாம். பாலாவைப் பிடிப்போம். கூட யார் வருகிறார்கள் பார்ப்போம்!

பழைய கொப்பியைப் புரட்டினேன். "47 — பாலா மாமா வாளியோடு பாட்டுப் பாடினார்." ஒன்பது வயதுக்காரிக்கு நன்றி.

நாற்பத்தேழைப் போட்டோம். இதயம், ரோஜா, தாலி, ரோஜா... பந்தி. பெரிய மீசையோடு பாலா. பக்கத்தில் நீலச் சேட்டு அணிந்த ஒருவர்.

சுகந்தி எழுந்தே விட்டாள். "இவர்தான் அக்கா! மூக்கைப் பாருங்கோ. அப்பிடியே என்ரை மூக்கு."

எனக்கும் ஆசைதான். ஆனால், தொழில் பழக்கம் விடுமா? "அம்மாவுக்குப் போன் எடுங்கோ. ஆரெண்டு சொல்லாமல் படத்தை மட்டும் காட்டுங்கோ" என்றேன். விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள்.

கிளிநொச்சியிலிருந்து அவளுடைய அம்மா திரையை உற்றுப் பார்த்தார். "ஆர் உது? நல்ல வடிவான ஆள்."

"அப்பா இல்லையோ அம்மா?"

"உன்ரை அப்பாவுக்கு எங்கையடி உந்த மூக்கு?"

எங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சுகந்தியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "பரவாயில்லை அக்கா" என்று ஜாக்கெட்டை எடுத்தாள் அவள். அந்தப் 'பரவாயில்லை' என்னைச் சுட்டது.

அப்பாவுக்கோ தொழில் கௌரவம். "நிண்டிருந்தால் கமராவிலை விழுந்திருப்பார். ஆனா ஒண்டு பிள்ளை, என்ரை எடிட்டிங்கிலை தேவையில்லாத ஆள் ஒருத்தரும் நிக்கமாட்டினம். சுத்தமா இருக்கும்."

சுத்தமாக. ஆறு தடவை கழுவியவள் நான்.

"அப்பா... நாப்பத்தேழின்ரை வெட்டாத கசெட் எங்கை?"

அதே பெட்டியின் அடியில் கிடந்தது. "ஒவ்வொரு வருசமும் எறியச் சொல்லுறன், கேட்டால்தானே" என்றார் அம்மா, வழக்கத்தைவிடக் குறைந்த குரலில்.

வெட்டாத கசெட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காலியான கதிரைகள். செருப்புக் குவியல். மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் வாசல். கமரா ஓடுவது தெரியாமல் பல்லைக் குத்தும் ஒருவர். நாற்பது நிமிடம் பார்த்தோம். சுகந்தி ஜாக்கெட்டை மடியில் வைத்தபடியே இருந்தாள்.

பிறகு பந்தி. பாலா சோற்றோடு போகிறார். பின்னால் சாம்பார் வாளியோடு ஒரு மெலிந்த இளைஞர். அகப்பையை அள்ளி இலைக்கு நீட்டுகிறார் — இடக்கையால். பாலா திரும்பி அவர் முழங்கையை மெல்லத் தொடுகிறார். இளைஞர் நாக்கைக் கடித்து, கமராவைப் பார்த்துச் சிரித்து, அகப்பையை வலக்கைக்கு மாற்றுகிறார். கமரா வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

நான்கு விநாடி. அளந்து பார்த்தேன்.

"இடக்கையாலை பரிமாறினது..." அப்பாவின் குரல் இறங்கியிருந்தது. "மாப்பிள்ளை வீட்டுக்குப் போற கசெட். குறை சொல்லுவினம் எண்டு நான்தான் வெட்டினனான்."

சுகந்தி இந்தத் தடவை மூக்கைப் பார்க்கச் சொல்லவில்லை. போனை எடுத்துத் திரைக்கு முன் பிடித்தாள்.

அந்தப் பக்கம் அவளுடைய அம்மாவின் முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

"இடக்கை" என்றது குரல். அவ்வளவுதான் முதலில். பிறகு, "இந்த மனுசன் எத்தினை பேரிட்டை ஏச்சு வாங்கியிருப்பார்... சொல்லச் சொல்லக் கேக்கமாட்டார்... இன்னொருக்காப் போடு, பிள்ளை."

பதினொரு தடவை போட்டோம்.

கிளம்பும்போது சுகந்தி வாசலில் நின்றாள். "என்ரை மகளும் இடக்கைதான் அக்கா. சாப்பிடேக்கை மாத்து, மாத்து எண்டு கையிலை அடிக்கிறனான்." சப்பாத்து நாடாவைக் கட்டி முடித்தவள், நிமிராமலே சொன்னாள்: "இனி இல்லை."

அந்த வாரம் ஆய்வுகூடத்தில் உப்பைக் குறைத்து, இரண்டே தடவை, மெதுவாகக் கழுவினேன். கீழே குப்பை நிறைய. நடுவில், என் புரதத்தோடு, முன்பு இல்லாத ஒரு மங்கலான கோடு. கூட்டாளியா, வெறும் குப்பையா? இன்னும் சொல்ல முடியாது. நீலச் சேட்டு நினைவிருக்கிறதல்லவா... விடையைச் சொல்லாமல் காட்டி, பலமுறை கேட்க வேண்டும். ஆனால், தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் இத்தனை நாள் எத்தனை பேரைத் தண்ணீரில் விட்டேனோ?

போன ஞாயிறு, அந்தக் காட்சியின் பிரதியை வாங்க மகளோடு வந்தாள் சுகந்தி. அப்பா கணினி முன் தயாராக இருந்தார். குற்ற உணர்ச்சி அவரை இருபத்தைந்து வயது இளைஞராக்கியிருந்தது.

"நாலு செக்கன் காணாது பிள்ளை. ஸ்லோ மோஷனாக்கி இழுத்துத் தாறன். கரையிலை ஒரு ரோசாப் பூ சுத்த விடட்டோ?"

"வேண்டாம் அங்கிள். அப்பிடியே தாங்கோ."

அப்பா திரையிலிருந்த ரோஜாப் பூவை மூடிவிட்டு, நான்கு விநாடியை அப்படியே பிரதி எடுத்தார். பிறகு... எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, ரோஜாப் பூ இல்லாத ஒரு படம் எங்கள் வீட்டைவிட்டு வெளியே போனது.