பதில் சொல்லாத முகவரிகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது மற்றவர்களுக்கும் தெரியும். நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து அவளைப் பார்த்தவர் கிடையாது. விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பாள், ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும், திடீரென்று "இதோ" என்று எழுந்துவிடுவாள். எதற்கு எழுந்தோம் என்பது பாதி தூரம் போனபின் அவளுக்கே மறந்துபோகும்.

வேலை என்னவோ ஆற அமர உட்கார்ந்து செய்கிற வேலைதான். இணையத்தில் பேசும் கருவிக்கெல்லாம் எண்ணால் ஆன ஒரு முகவரி வேண்டும். பழைய வகை முகவரிகள் எப்போதோ தீர்ந்துவிட்டன. புதிய வகை வந்து எத்தனையோ வருடம் ஆகியும் ஊர் உலகமெல்லாம் இன்னும் பழையதற்குத்தான் அடித்துக்கொள்கிறது. ஆகவே ஒருவரிடம் சும்மா கிடப்பதை இன்னொருவருக்கு மாற்றிவிட வேண்டும். முகவரிப் பதிவகத்தில் அந்த மாற்றல் பிரிவை அவள் பார்த்துக்கொண்டாள். முகவரி யாருடைய சொத்தும் அல்ல, பயன்படுத்தும் உரிமை மட்டுமே என்பது அங்கே முதல் விதி. கொடுப்பவர் காலியாக இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். வாங்குபவர் எதற்கு என்று காட்ட வேண்டும். கைமாறியது இரண்டு வருடத்துக்கு மறுபடி கைமாறக் கூடாது. இல்லையென்றால் ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கிவிட மாட்டார்களா?

கொடுப்பவரின் கையெழுத்தே போதும் என்றுதான் விதி. இவளுக்குப் போதாது. ஒப்புதல் தருவதற்கு முன் அத்தனை முகவரிகளையும் தட்டிப் பார்ப்பாள். "இருக்கிறாயா?" என்று ஒரு சின்னச் செய்தி இங்கிருந்து போகும், அங்கே ஏதாவது கருவி இருந்தால் "இருக்கிறேன்" என்று திரும்பி வரும். பதிலே வராவிட்டால் காலி. அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்துவாள்.

வீட்டிலும் இதே கதைதான். கல்லூரிப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். அம்மா போகிறபோது ஒரு தட்டு, வருகிறபோது ஒரு தட்டு. "இருக்கியாடி?" பூட்டிய அறைக்குள் இல்லாமல் எங்கே பறந்துவிடுவாள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாலையில் அவள் கணவன் கூடத்து நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். அடுப்படியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். அசந்து தூங்குகிறான், தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். தூக்கம் இல்லை அது. மௌனம் சம்மதம் என்பார்கள்; அன்றிலிருந்து அவளுக்கு மௌனம் என்றால் ஒன்றே ஒன்றுதான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பழைய கல்லூரி தன்னிடமிருந்த ஆயிரத்துச் சொச்சம் முகவரிகளை விட்டுக்கொடுக்க முன்வந்தது. கேட்டது ஒரு கைப்பேசி நிறுவனம். அங்கே ஒரே முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வீடுகளை அடைத்துவைத்துத் திணறிக்கொண்டிருந்தார்கள். தேவை பொய்யில்லை. கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டிருந்தார், எல்லாம் காலி என்று. பம்பரமும் தட்டினாள். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை. ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை. ஒப்புதல் கொடுத்தாள். மறுநாள் மதியம் முகவரிகள் கைமாறிவிடும் என்று இரண்டு பக்கமும் தகவல் போனது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, மகளின் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். கல்லுளிமங்கி, வாயைத் திறந்தால்தானே? மூன்றாவது தட்டில் கதவு படாரென்று திறந்தது.

"நான் பதில் சொல்லலைன்னா செத்துட்டேன்னு அர்த்தமாம்மா? நீ தட்டுறது எல்லாம் காதுல விழுது. பதில் சொல்ல வேணாம்னு இருக்கேன். அவ்ளோதான்."

கதவு திரும்பச் சாத்திக்கொண்டது. வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அன்று நின்ற இடத்திலேயே நின்றாள். பதில் சொல்ல வேண்டாம் என்று இருப்பது. கருவிகளுக்கும் அப்படிச் சொல்லிவைக்கலாமே! வெளியிலிருந்து யார் தட்டினாலும் வாயைத் திறக்காதே என்று. இந்தத் துறையில் முதல் வருடம் படிப்பவனுக்குக்கூடத் தெரிந்த பாடம் இது. அவளுக்குத் தெரியாததில்லை. இரண்டு வருடமாக அது அவள் மனதில் ஏறவேயில்லை, அவ்வளவுதான்.

கல்லூரிக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தில் தெரிந்த பொறியாளன் ஒருவன் இருந்தான். அவனைக் கூப்பிட்டு, தட்ட வேண்டாம்ப்பா, அந்த முகவரிகளிலிருந்து ஏதாவது வெளியே வருகிறதா என்று மட்டும் பார் என்றாள். பார்த்துச் சொல்வதற்குள் கூடத்துக்கும் வாசலுக்குமாக எத்தனை நடை நடந்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு பேசுது," என்றான் அவன். "அரை மணிக்கொரு தடவை துளியூண்டு அனுப்புது. அனுப்பிட்டு கம்முனு ஆயிடுது."

காலையில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல் கல்லூரிக்கு ஓடினாள். முதல்வருக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் மின்சாரம் பார்க்கும் கிழவர்தான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: நீரியல் துறை என்று ஒன்று இருந்தது, மூடிவிட்டார்கள்; அவர்கள் மேலாற்றுப் பாலத்துக்கு அடியில் ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று அந்தப் பெட்டி சொல்லும். அளவு தாண்டினால் கீழே பள்ளத்துத் தெருக்களில் அபாய ஊதல் ஊதும். துறையை மூடியவர்கள் பெட்டிக்குச் சொல்லவில்லை. சூரியத் தகடு ஒன்றை நம்பி அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. மதியம் முகவரி கைமாறிவிட்டால் பெட்டியின் பேச்சு எங்கும் போய்ச் சேராது, ஊதலும் ஊதாது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

தான் கொடுத்த ஒப்புதலைத் தானே நிறுத்துகிறேன் என்று அவள் போய் நின்றபோது மேலாளர் சும்மா விடவில்லை. கையெழுத்துப் போட்டது அவர்கள், நமக்கென்ன வந்தது என்றார். கைப்பேசிக்காரர்கள் நாங்கள் என்ன இளிச்சவாயர்களா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த ஒரு முகவரியை மட்டும் விட்டுவைக்க விதியில் இடமில்லை. இருநூற்று ஐம்பத்தாறு கொண்ட கட்டுதான் ஆகச் சிறிய துண்டு. கத்தி, கெஞ்சி, தப்பு என்னுடையது என்று நான்கு பேர் முன்னால் ஒப்புக்கொண்டு, கடைசியில் மூன்று கட்டுகள் போயின, பெட்டி இருந்த கட்டு கல்லூரியிடமே நின்றது. தட்டிப் பார்த்தால் போதாது, ஒரு மாதம் காது கொடுத்துக் கேட்டபின்தான் காலி என்று சொல்ல வேண்டும் என்ற ஒரு திருத்தத்தை விதிக்கூட்டத்தில் வைக்கப்போவதாகவும் சொன்னாள். வையுங்கள், பார்க்கலாம் என்றார் மேலாளர், எரிச்சலோடு.

மாலையில் வீடு வந்தபோது உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இல்லை. மகளின் கதவு சாத்தியிருந்தது. தட்டக் கை போயிற்று; இழுத்துக்கொண்டாள். உள்ளே ஒரு தாள் புரளும் சத்தம் கேட்டது. அது போதும் என்றிருந்தது. கூடத்து நாற்காலியில், இரண்டு வருடமாக யாரும் உட்காராத அந்த நாற்காலியில், முதுகு படச் சாய்ந்து உட்கார்ந்தாள். கண் தானாக மூடிக்கொண்டது.

கதவு திறந்தது அவளுக்குத் தெரியாது. "அம்மா," என்று கூப்பிட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. இன்னொரு முறை கேட்டது. அதற்குள் யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால், எதிரே மகள், முகத்தில் ரத்தமே இல்லை.

"இருக்கேன்டி."

"ஏம்மா தட்டலை? வந்த சத்தம் கேட்டுச்சு, நீ தட்டுவேன்னு பாத்துட்டே இருந்தேன். கூப்பிட்டாலும் பதில் இல்லை..." அவள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இருக்கேன், இருக்கேன். தூங்கிட்டேன். இதோ, சாப்பிட ஏதாவது செய்றேன்," என்று எழப்போனாள். மகள் விடவில்லை.