உப்பங்கழிச் சேறும் என் எடையும்

மூன்றாம் வகுப்பில், இரண்டு பேர் உட்காரும் இடத்தை நான் ஒருவனே நிரப்பிவிடுவேன். இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. உப்பங்கழிதான் முதலில் எடுத்துச் சொன்னது.

என் காதுகுத்தில் ஏதோ வாய்த்தகராறு. அன்றிலிருந்து அம்மாவும் மாமாவும் பேசுவதில்லை. ஒரு சனிக்கிழமை அம்மா கம்பெனி ஷிப்டில் இருந்த நேரம், கவரைப்பேட்டைப் பள்ளிக்கூட வாசலில் மாமா வந்து நின்றார். பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் இருக்கும் தன் ஊருக்கு நண்டு பிடிக்கக் கிளம்பினார்.

அலையாத்தி மரங்களுக்கு நடுவே சேறு. மேலே பழுப்பாய் மெல்லிய ஆடை. அடியில் மையாய்க் கறுப்பு. கூமுட்டை நாற்றம்.

"இன்னா மாமா இப்டி நாறுது?"

"எல்லாம் இலைடா. உளுந்து உளுந்து, காத்துப்படாம அழுவிக் கெடக்குது. அதத் தின்னுதான் நண்டு கொழுக்குது, உன்ன மாதிரி."

சிரித்தபடி ஓர் எட்டு தள்ளி வைத்தேன். இடுப்புவரை உள்ளே போய்விட்டேன். மாமா அக்குளில் கைகொடுத்து இழுத்தார். சேறு என் செருப்பை வைத்துக்கொண்டு என்னைத் திருப்பிக் கொடுத்தது. மாமா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்.

"நெல்லு மூட்டடா நீ" என்றார் பிறகு. "அம்மா கேட்டா, சாக்கடைல உளுந்துட்டேன்னு சொல்லு."

சொன்னேன். அம்மா என் டிரவுசரை மோந்து பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்ததே அந்தக் கழியோரம்தான் என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை.

"எந்தத் தெரு சாக்கடைலடா அலையாத்தி மொளச்சிகினு கீது?"

அடிக்கு வாகாக முதுகைத் திருப்பி நின்றேன். அடி விழவில்லை.

"யாரு தூக்குனது?"

"மாமா."

"தூக்கறப்ப அவனுக்கு மூச்சு வாங்குச்சா?"

"வாங்குச்சி."

"நெஞ்சப் புடிச்சிக்கினானா?"

"மரத்தப் புடிச்சிக்கினாரு." எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் ஒன்னும் அவ்ளோ குண்டு இல்லம்மா!"

அன்றைக்கு ஒரு தோசையைக் குறைத்துக்கொண்டேன். அம்மா தட்டையே தொடவில்லை. எனக்குத் துணையாக அவளும் இளைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் ஓவர்டைமை விட்டுவிட்டு, விடிந்ததும் நல்ல சேலை கட்டிக்கொண்டாள். "கெளம்பு, மாமா ஊட்டுக்குப் போலாம்."

இப்படியொரு மூட்டையைத் தூக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போகிறோம் என்று நம்பி, பஸ்ஸில் வழிநெடுக வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.